எல்லாம் சின்ன எழுத்து

இல்ல சார், அந்த நீல வயரை ஒருக்காப் புடுங்கிச் சொருகிப் பாத்தீங்களா? லைட்டு எரியுதா? அப்ப வயர்ல ஒண்ணுமில்ல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்களேன். அதையும் பண்ணிட்டாரா, கம்ப்யூட்டர் பாக்க வந்த தம்பி? சரி சரி.

நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு சார். உங்க ரூம்ல தட்டுனா என் கம்ப்யூட்டர்ல இருக்க ஃபைலெல்லாம் கேள்வி கேக்காமத் தொறக்கும். எல்லாம் இந்த அப்டேட்டு பண்ற வேலை. யாரு கேட்டா இதை? இப்ப என்ன வருது... தாமரைச்செல்வின்னு என் பேரு போட்டு, கீழ பாஸ்வேர்டு கேக்குதா?

ம்... ஞாபகம் இருக்கு சார். தெனம் அடிக்கிறதுதானே. அது வந்து... ஆஸ்பத்திரிக்குள்ள சிக்னலு விட்டு விட்டு வருது. நானே ஒரு ஆட்டோ புடிச்சு ஆனையூருக்கு, ஸ்கூலுக்கே வந்துரவா? ஆமா சார், வீட்டுக்காரரை இப்பத்தான் ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போனாக. நகர முடியாதுதான்.

அழிச்சுட்டுப் புதுசா வைக்க முடியாதான்னு கேளுங்க. சாயங்காலம் ஆயிருமாமா? அய்யய்யோ. நாளைக்குப் பரிச்சையை வச்சுக்கிட்டுப் பிள்ளைக ஹால்டிக்கெட்டுக்கு நிக்குதுகளே. அம்புட்டும் அதுக்குள்ளதான் கெடக்கு.

அந்தத் தம்பிகிட்ட போனைக் குடுங்க, நான் சொல்லிக்கிறேன். அடுத்த ரூம்ல வயர் பாக்குறாரா? நீங்களே அடிக்கிறீகளா? ஹெட்மாஸ்டர் போயி... உங்களுக்கு எதுக்கு சார் செரமம்.

சாப்ட்டேன் சார். உங்க வீட்ல ஜானு அம்மா குடுத்துவிட்ட ரசஞ்சாதந்தான். கேட்ட ஒடனே லீவும் குடுத்து, சாப்பாட்டையும் தூக்கிக்கிட்டு நீங்களே ஆஸ்பத்திரி மாடியேறி வந்துட்டீக. எனக்கு வாயில வைக்கவே கூசுச்சு. எதுக்கா?

ஒருநாள் லேட்டா வந்தேன்னு அம்புட்டு டீச்சருக முன்னாடியும் சத்தம் போட்டீகளே, ஞாபகம் இருக்கா? உங்களுக்கு எங்க இருக்கும். இவருக்கு மேலுக்கு முடியாம, ராவெல்லாம் தூங்காம ஓடியாந்தேன் சார். அன்னைக்குத்தான் புதுக் கம்ப்யூட்டரு வந்து எறங்குச்சு. ஒக்காந்த ஒடனே பாஸ்வேர்டு வையின்னு கேட்டுச்சு. கோவம். வச்சுட்டேன். அப்புறம் மாத்தணும் மாத்தணும்னு நெனைப்பேன், விரலு பழகிப்போச்சு. தெனமும் காலையில உங்களுக்கு வணக்கம் சொல்லிட்டு வந்து அதைத்தான் அடிக்கிறேன். வெக்கமா இருக்கு சார்.

ஸ்பீக்கரை அமத்திருங்க. பிருந்தா டீச்சர் பக்கத்துல இல்லைல்ல? பிள்ளைக நிக்குதுக, அடிங்க சார். எல்லாம் சின்ன எழுத்து. நடுவுல எடம் விட வேணாம். மொதல்ல உங்க பேரு. ஆமா, ஹாலாஸ்யம், உங்க பேரேதான். அய்யோ, சந்தோசப்படாதீக சார். இன்னும் இருக்கு. எஸ், ஏ, என், ஐ, ஒய், ஏ, என்.

ஆமா சார். சனியன்.

தொறந்துருச்சா, சார்?