சுவரில் தட்டியவர்

முலுண்டிலிருந்து வந்த ஸ்லோ லோக்கல் ரயிலில் யாருடைய போனிலோ அந்த ராக் பாட்டு அலறியது. ஊரே பாடும் பாட்டு. இரண்டு இடத்தில் எல்லா வாத்தியமும் நின்று, டம் டம் டம் என்று மூன்று அடி மட்டும் விழும். எதிர் சீட்டில் விபூதி பூசிய ஒரு பெரியவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சீறினார்.

"அந்த டம் டம் நான்தான் ஓய்!"

"நீரா?"

"பக்கத்து ஃபிளாட்ல பசங்க ரெக்கார்டிங் பண்ணிண்டிருந்தா. தலைவலி தாங்காம, நிறுத்துங்கோடான்னு ரெண்டு தடவை சுவத்துல இடிச்சேன். அதையே பாட்டுல சேத்துட்டா!"

"போய்க் கேக்கப்படாதோ?"

"கேக்காம விடுவேனா? அன்னிக்கே, ரெக்கார்டிங் நடக்கறப்பவே போனேன். ஒருத்தன் கதவைத் தொறந்து, 'அங்கிள், ரெண்டாவது தடவை லேட்டா தட்டிட்டேள், ஒன் மோர் டேக் ப்ளீஸ்'ங்கறான்!"

"திமிரப் பாரும்! நீர் என்ன பண்ணினீர்?"

"சபால முன் வரிசைல தாளம் போடறவன் ஓய் நான். என்னைப் போய் லேட்டுங்கறான்! உள்ள போய் கரெக்டா தட்டிக் காமிச்சுட்டுத்தான் வந்தேன்."

மாட்டுங்கா ஸ்டேஷன் வந்தது. இருவரும் எழுந்தார்கள். போனில் இரண்டாவது டம் டம் டம் விழுந்ததும் பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கேட்டீரா? நான் கரெக்டா தட்டினதை விட்டுட்டு, அந்த லேட்டையே போட்டிருக்கான், படவா!"