வானத்து மதகு

பிள்ளைகளா, நேற்று திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வந்த பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சர்ச்சில் நடக்கும் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கும் டீச்சர். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அவர் சொன்னதைக் கேட்டு என் காது அங்கேயே நின்றுவிட்டது.

“வானத்துக்கு மேல இருக்குற தண்ணி எப்ப விழும்னு என் கிளாஸ் பொண்ணு ஒண்ணு அழுவுது வசந்தா. மேகம் கறுத்தாலே கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சுக்குதாம். அவங்கம்மா என்னையத்தான் திட்டுறாங்க.”

“எந்தத் தண்ணி டீச்சர்?”

“கடவுள் முதல்ல தண்ணியை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பங்கை வானத்துக்கு மேல வச்சாரு. அப்புறம் நோவா காலத்துல வானத்து மதகெல்லாம் திறந்து வெள்ளமாக் கொட்டுச்சு. அதுவரைக்கும் நடத்துனேன், பெல் அடிச்சிருச்சு.”

“திறந்ததோட விட்டுட்டீங்களா? நல்லா நடத்துனீங்க போங்க! எங்க வீட்டுக்காரரு மதகுலதான் வேலை பாக்குறாரு. திறந்து விட்டுட்டு வீட்டுல வந்து படுத்துக்கிட்டாருன்னா ஊரு என்னத்துக்கு ஆகும்? அடைக்கிறதுக்குந்தான் மதகு. உங்க பைபிள்ல அடைச்சாங்களா, இல்லையா?”

டீச்சர் பையிலிருந்து பைபிளை எடுத்து அவசரமாகப் புரட்டினார்.

“அடைச்சிருக்கு வசந்தா! அடுத்த அதிகாரத்துலயே இருக்கு!”

“அதை மொதல்ல அந்தப் புள்ளைகிட்ட சொல்லுங்க.”

அம்மா மண்டபம் ஸ்டாப் வருவதற்குள் டீச்சர் போன் போட்டுவிட்டார்.

“பாப்பாகிட்ட குடுங்கம்மா... கண்ணு, டீச்சர் பேசுறேன். அந்த மதகை அப்பவே அடைச்சாச்சுடா... யாரு அடைச்சாங்களா? திறந்தவருதான் கண்ணு.”