சிவநேசன் அண்ணை எடுக்க மறுத்த வரி

நான் வாய் திறக்க முன்னரே மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்ட சபைத் தலைவர் தயாநிதி அவர்களே! பனி கொட்டிய காலத்தில் எங்களுக்குப் பாதை போட்டுத் தந்த பெரியோர்களே! இரண்டு ஷிஃப்டுக்கு இடையிலே பிள்ளை வளர்த்த தாய்மார்களே! ஓல்டனில் ரயில் மாறி ஓடி வந்திருக்கும் இளையோரே! பொன்னாடைக்குள் புழுங்கிக்கொண்டு இருக்கும் இன்றைய நாயகர் சிவநேசன் அண்ணை அவர்களே! அனைவருக்கும் கோசலாவின் அன்பு வணக்கம்.

அண்ணையும் நானும் சுவிஸுக்கு வந்து இந்த லாங்கன்தாலில் ஒரே வால்வுத் தொழிற்சாலையில் உழைத்தவர்கள். அவர் இயந்திரப் பகுதி, நான் பொதி கட்டும் பகுதி. போன மாதம் அண்ணை பென்சன் எடுத்தார். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அந்த நாட்கள் நினைவிருக்கிறதா உங்களுக்கு? இருட்டிலே வேலைக்குப் போய் இருட்டிலே வீடு திரும்பிய நாட்கள்! சோற்றுப் பெட்டியை ஹீட்டருக்கு மேலே வைத்துச் சூடாக்கிய நாட்கள்! கறி மணம் பிடிக்காத வெள்ளைக்காரர், பிறகு அதே கறிக்குத் தட்டோடு வரிசையில் நின்ற நாட்கள்! அன்று நாங்கள் ஒரு வேலையை விட்டபோது எப்படி விடைபெற்றோம்? லுசேர்ண் ஹோட்டலிலே கோப்பை கழுவிய நான், கடைசி நாள் ஏப்ரனை ஆணியில் கொழுவிவிட்டு வந்தேன். அவ்வளவுதான். சொல்லிக்கொண்டு வர என்னிடம் மொழி இருக்கவில்லை.

இன்றைய பிள்ளைகளிடம் மொழி இருக்கிறது, வழி இருக்கிறது. விடைபெறும்போது அழகாக மின்னஞ்சல் எழுதுகிறார்கள். நிறையக் கற்றேன், நிறைய வளர்ந்தேன், புதிய சவாலை நோக்கிப் போகிறேன் என்று எழுதுகிறார்கள். இளையோரே, முகத்தைச் சுழிக்க வேண்டாம், நான் குறை சொல்ல வரவில்லை. உங்களுக்கு வேலை ஒரு பயணம். எங்களுக்கு அது என்னவாக இருந்தது? அதை எனக்குக் காட்டியது அண்ணையின் மின்னஞ்சல்.

அதை ஜெர்மனில் எழுதிக் கொடுத்தவர் மகள் கிருசிகா. சூரிச்சிலே காப்புறுதிக் கம்பனியில் வேலை. நன்றி, நல்ல நினைவு, எல்லாம் எழுதிவிட்டார். கடைசியில் ஒரு வரி மட்டும் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அண்ணை கேட்டார். “இத்தனை வருசத்தில் அறிந்தோ அறியாமலோ பிழை ஏதும் விட்டிருந்தால் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.” அப்பா, இங்கே இப்படி ஒருவரும் எழுதுவதில்லை, இதை எடுத்துவிடுவோம் என்றார் மகள். அண்ணை எடுக்கவில்லை. மின்னஞ்சல் தொழிற்சாலை முழுக்கப் போனது.

அடுத்த நாள் என்ன நடந்தது தெரியுமா? தரம் பார்க்கும் அதிகாரி அண்ணையை அறைக்குள் அழைத்தார். என்ன பிழை, எந்த வால்வில் பிழை என்று விசாரணை! நான் கட்டி வைத்த பொதிகள் வாசலிலேயே மறிக்கப்பட்டன. சிரிக்கிறீர்கள். ஓம், இன்று நானும் சிரிக்கிறேன். ஆனால் பிழையே இல்லாத மனிதர் அன்று அந்த அறைக்குள் குற்றவாளியைப் போல் நின்றார். பிழை இல்லையென்றால் ஏன் மன்னிப்பு என்று அதிகாரி கேட்க, அண்ணை ஜெர்மன் சொற்களைத் தேடித் தடுமாறினார். ஒரு வாழ்நாள் உழைத்துச் சேர்த்த நல்ல பெயர் ஒரே வரியில் போய்விடுமோ என்று கலங்கிப்போனார்.

விடிந்தால் கடைசி நாள். இந்த நாட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும், போகிறவர்தான் எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டும். நான் போகவில்லை என்று அண்ணை கட்டிலில் இருந்துவிட்டார். அண்ணையின் மனைவி, முன்வரிசையில் இருக்கும் எங்கள் இராஜேஸ்வரி அக்கா சொன்னது ஒன்றே ஒன்று: “ரோல்ஸ் பொரிச்சாச்சு, வெளிக்கிடுங்கோ.” கிருசிகாவும் லீவு போட்டுத் தகப்பனோடு வந்தார்.

கன்ரீனில் ஒருவரும் ரோல்ஸைத் தொடவில்லை. எல்லோரும் அண்ணையைப் பார்த்தார்கள். அண்ணை தன் உடைந்த ஜெர்மனில் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன்: “ஒரு வீட்டில கனகாலம் இருந்திட்டு வெளிக்கிடேக்க, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ எண்டு சொல்லிப்போட்டுத்தான் நாங்கள் வாசல் தாண்டுறது. இது எனக்கு வேலை செய்த இடம் மட்டும் இல்லை. அதுதான் எழுதினனான்.”

அவையோரே! உழைத்த இடத்தை உறைவிடமாக எண்ணிய உள்ளத்தை இதைவிட எப்படி உரைப்பது?

பிறகு மைஸ்டர் பூர்க்கி எழுந்தார். அண்ணை சேர்ந்த நாள் முதல் அவருக்கு மேலாளர். ஒருவரையும் புகழாத, ஒருவரிடமும் குழையாத மனிதர். கையிலிருந்த கிளாஸை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “சிவா, நீ வந்த காலத்தில் நத்தார் இரவெல்லாம் உன்னைத்தான் வேலைக்குப் போட்டேன். உனக்கு நத்தார் இல்லைத்தானே என்று நினைத்தேன். வீட்டில் ஒரு பிள்ளை காத்திருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. என்னை மன்னித்துக்கொள்.”

அந்தப் பிள்ளை அங்கேதான் நின்றது. பள்ளிக்கூடத் தோழிகள் எல்லாம் தகப்பனோடு கிறிஸ்மஸ் மரம் அலங்கரித்த இரவுகளில் ஜன்னலோரம் நின்ற அந்தப் பிள்ளை, வளர்ந்த பெண்ணாய்க் கன்ரீன் மூலையில் நின்று அழுதது. பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். உன் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகவில்லை என்றார் ஒருவர். தரம் பார்க்கும் அதிகாரி வந்து அண்ணையின் கையைப் பிடித்தார்.

இளையோரே, பத்து வேலை மாறுங்கள், பாரெங்கும் போங்கள், பெரும் பதவி பெறுங்கள். மகிழ்வோம், மார்தட்டுவோம்! ஆனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு கணம் திரும்பிப் பாருங்கள். கற்றதை எழுதுகிற மின்னஞ்சலில், உங்களோடு உழைத்தவர்களுக்கும் ஒரு வரி வையுங்கள். கிருசிகா வைத்துவிட்டார். சென்ற வாரம் அவரும் வேலை மாறினார். புதிய சவால் பற்றி எழுதிய மின்னஞ்சலின் கடைசியில் இருந்தது தகப்பனின் அந்த வரி.

தலைவர் மணியை எடுத்துவிட்டார், முடிக்கிறேன். வெளியே ரோல்ஸ் இருக்கிறது, இம்முறை உடனே தொடுங்கள். இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கு நன்றி. மேடை விட்டு இறங்கும்போது எங்கள் பேச்சாளர்கள் வழக்கமாய்ச் சொல்லும் ஒரு வரி இருக்கிறது. எத்தனையோ மேடைகளில் யோசிக்காமல் சொல்லியிருக்கிறேன், இன்று யோசித்துச் சொல்கிறேன். என் பேச்சிலே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.