ராக்கெட்டுக்கு மாட்டிய நீல விளக்கு

ஹலோ... ஹலோ, தென்னூர் வெட்னரி டாக்டர் ஆரிஃபா மேடம்தானே?... அப்பாடா, எடுத்தீங்களே! நான் திருவானைக்காவல்லேருந்து கலையரசன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல எலெக்ட்ரீஷியனா இருந்து ரிட்டயர் ஆனவன். நம்ம ராக்கெட்டு கண்ணத் தொறக்க மாட்டேங்குது, டாக்டரம்மா!

...நாயில்லீங்க, ஆமை.

...ஆமா, ஆமா, ஆமைக்குத்தான் ராக்கெட்டுன்னு பேரு. மேல் வீட்டு வேணி டீச்சர் வெச்சது. பொண்ணோட பிரசவத்துக்குன்னு முசிறி போனவங்க என்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க. மூணு மாசமாச்சு.

...சேச்சே! நட்சத்திர ஆமையில்ல. போலீஸ் புடிக்கிற ஜாதியில்ல. காதோரம் செவப்புக் கோடு போட்டது, மீன் கடையில தொட்டியில வெச்சு விப்பாங்களே... அதேதான்.

...எவ்ளோ பெருசா? ஒரு சாப்பாட்டுத் தட்டு... அனுசுயா, நீ சும்மா இரு... சரி, காப்பி டபரா. டபராதான்னு வீட்டம்மா சொல்றாங்க.

...தீனியா? ஐயோ, அத ஏன் கேக்கறீங்க, காவிரி மீனையெல்லாம் காலி பண்ணும்!... இல்ல... இல்லம்மா. நாலு நாளா எதையும் தொடல. இது நெசம்.

...ஓடா? ஓடு வந்து... இருங்க, அமுக்கிப் பாக்கறேன்.

...

அமுங்குதும்மா.

...ஆமா, ஆமா, அதான்! ஓடு மெத்துன்னு இருக்கேன்னுதான் போன்ல தேடினேன். யூ.வி. லைட்டு இல்லாட்டி கெட்டியாகாதுன்னு போட்டிருந்தான். விடுவேனா? தென்னாட்டுல ஓடின பாதி எஞ்சினுக்கு வயரிங் பண்ண கையாச்சே! யூ.வி. விளக்குக்கு எங்க போறது? எங்கயும் போக வேணாம், நம்ம அடுப்படியிலேயே இருக்கு! வாட்டர் ஃபில்டருக்குள்ள! அந்த எவர்சில்வர் குழாயக் கழட்டி, உள்ள இருக்கற ட்யூப உருவி, தொட்டி மேல மாட்டினேன் பாருங்க... நீல வெளிச்சம்! ஸ்ரீரங்கத்துல சொர்க்கவாசல் தொறந்த மாதிரி!... வீட்டம்மாதான், குடிக்கத் தண்ணியில்லன்னு நேத்துலேருந்து முறைக்கிறா...

...ஹலோ? ஏம்மா கத்துறீங்க?

...ஆஃப் பண்ணியாச்சு, ஆஃப் பண்ணியாச்சு. இந்தா, ப்ளக்கையும் புடுங்கிட்டேன்.

...ஆமைக்கு வேண்டிய யூ.வி. வேற, இது வேறயா? கிருமியக் கொல்ற விளக்குன்னு தெரியும். தண்ணியில இருக்கற கிருமியத்தானே... கண்ணையுமா?... தோலையுமா?

...எவ்ளோ நேரமா? பத்து நாளா ராப்பகலா... ஐயோ, இல்ல, இல்ல! பயப்படாதீங்க! வாய் அப்படிப் பழகிப்போச்சு.

...சரி. சரியாச் சொல்றேன். நேத்து காலையில காமணி நேரம். சாயந்திரம் ஒரு காமணி நேரம். அனுசுயா, அவ்ளோதானே? சொல்லு... அவ்ளோதாங்கறா.

...என் கண்ணா? எனக்கென்ன... விடியக்காலையிலேருந்து மண்ண வாரிப் போட்டாப்பல உறுத்துது. ஆமா, பக்கத்துலயே குனிஞ்சு பாத்துட்டிருந்தேன். அழகா இருந்துதே!... போறேன், போறேன், கண் டாக்டர்கிட்டயும் போறேன். மொதல்ல இதப் பாருங்க.

...வெயில் காட்டாமலா? மூணு மாசமும் ஜன்னலோரந்தான் தொட்டி. நம்ம ஊரு வெயிலப் பத்தி உங்களுக்கே தெரியும். அந்த இடத்துல அப்பளத்த வெச்சா எண்ணெயில்லாம பொரியும்!

...ஜன்னல மூடித்தான் வெச்சிருந்தேன். கண்ணாடிக் கதவு. தொறந்தா காக்கா வந்துடுமே.

...கண்ணாடி தடுத்துடுமா? வெளிச்சம் வருதே! சூடு வருதே!... ம்... ம்... அந்த யூ.வி. மட்டும் உள்ள வராதா?

...அப்ப மூணு மாசமா வெறும் சூட்டத்தான் காட்டியிருக்கேன்.

...பொழைக்குமாம்மா?

...சரி. பாத்தாத்தான் தெரியும். சரி. டப்பாவுல தண்ணி வேணாம், ஈரத்துணி போதும். வெளிச்சம் படாம மூடிக் கொண்டுவரேன். காத்துக்கு ஓட்டை போட்டுடறேன்.

...ஊசியா? தாராளமாப் போடுங்க. கையெழுத்து நான்...

...வேணி டீச்சரா? அவங்க எதுக்கும்மா? பச்சப்புள்ள வீட்டுல இருக்காங்க, ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம...

...தெரியுமான்னா... தெரியாது. தெனம் பேசறாங்க. நேத்துகூட எப்படியிருக்குன்னாங்க. தொட்டியில நீச்சல் போட்டி நடத்துது, ஜெயிச்சதுக்கு நாலு இட்லி கேக்குதுன்னேன். அப்படிச் சிரிச்சாங்க. பொண்ணுக்கு ஆப்பரேஷன் ஆனதுலேருந்து அவங்க சிரிச்சே நான் கேக்கல. அதான், தெனம் கொஞ்சம் கூட்டிக் கூட்டி...

...புரியுது. வளக்கறவங்களுக்குத் தெரியாம நீங்க கை வெக்க மாட்டீங்க. நியாயந்தான். ஆமா.

...இப்பவா? இதோ, பத்தே நிமிஷத்துல பறந்து... இல்லம்மா. ஆட்டோ புடிச்சு, பாலம் தாண்டி வர முக்கா மணி நேரம் ஆகும்.

...ம். கிளம்பறதுக்கு முன்னாடியே முசிறிக்குப் பேசிடறேன். ஓடு அமுங்குது, கண்ணு தொறக்கல, அந்த விளக்க மாட்டினது நான்தான்னு.

...இல்ல. எதையும் கூட்ட மாட்டேன்.

...

குறைக்கவும் மாட்டேம்மா. வெச்சிடறேன்.