ஆறு பேரும் இடதுகை

ஒரு குட்டிக் கதை இருக்கு... சொல்லிடட்டுமா? வாட்சைப் பார்க்காதீங்கய்யா, சீக்கிரம் முடிச்சுடுவேன்.

செண்பகவல்லின்னு ஒரு ஓவியர். கிராமத்துக் காட்சிகளை வரைவாங்க. பின்னாடி எந்தக் கம்பெனியும் கிடையாது. தானே வரைஞ்சு, தானே பிரிண்ட் போட்டு, தென்காசியில ஒரு கண்காட்சியில கடை விரிச்சிருந்தாங்க. அதுல ஒரு படம் கதிர் அறுப்பு. ஆறு பொம்பளைங்க குனிஞ்சு அறுக்குறாங்க. வர்றவங்க எல்லாம் "சூப்பர்"னு சொல்லி வாங்கிட்டுப் போறாங்க. முப்பது பேர் வாங்கியாச்சு.

அப்ப இசக்கியப்பன்னு ஒருத்தர் வந்தார். பக்கத்துத் தெருவுல சலூன் வச்சிருக்கார். அந்தப் படத்து முன்னாடி நின்னார்... நின்னார்... நின்னுக்கிட்டே இருந்தார். அந்தம்மாவுக்குப் பொறுக்கல. அப்படி என்னண்ணே பார்க்குறீங்கன்னு கேட்டுட்டாங்க.

"உங்க ஊர்ல ஆறு பேருக்குமே இடதுகைப் பழக்கமாம்மா?"

பார்த்தாங்க. ஆறு அருவாளும்... இடது கையில!

எப்படி ஆச்சு? வரைஞ்சு வரைஞ்சு கண்ணுக்குப் பழகின படத்துல பிசகு தெரியாதுங்க. அதனால ஓவியருங்க கம்ப்யூட்டர்ல அதை இடம் வலமாத் திருப்பிப் போட்டுப் பார்ப்பாங்க. இவங்களும் பார்த்தாங்க, திருத்தினாங்க. ஆனா மறுபடி நேராக்க மறந்து, அப்படியே பிரிண்ட் போட்டுட்டாங்க.

முகம் வாடிப்போச்சு. சொந்தமா நிக்கிறவங்களுக்குப் பேர்தானே எல்லாம்? வாங்கின முப்பது பேருக்கும் மாத்திக் கொடுக்கணுமேன்னு புலம்பிக்கிட்டே மிச்சத்தைக் கிழிக்கப் போனாங்க.

"கிழிக்காதீங்கம்மா. எனக்கு ஒண்ணு கொடுங்க. கடையில கண்ணாடிக்கு எதிர்ச் சுவத்துல மாட்டிக்கிறேன்."

இன்னைக்கு அந்தச் சலூன் நாற்காலியில உட்கார்ந்து கண்ணாடியைப் பாருங்க... ஆறு பேரும் வலது கையாலதான் அறுக்குறாங்க.

அவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? தன் கத்திரிக்கோல் கண்ணாடிக்குள்ள கை மாறுறதை நாள் பூராப் பார்க்குற மனுஷன்!

இப்ப உங்களைக் கேட்குறேன்... "சூப்பர்"னு சொன்ன முப்பது பேர் அந்தப் படத்தைப் பார்த்தாங்களா? நம்ம வீட்டுச் சுவத்துல தொங்குறதை நாம பார்த்திருக்கோமா? ஒருத்தர் உயிரைக் கொடுத்து ஒண்ணு செஞ்சு நம்ம முன்னாடி வச்சா, முதல்ல நின்னு பாருங்க. சந்தேகம் வந்தா கூசாமக் கேளுங்க. பிசகு தெரிஞ்சா... சொல்லிட்டு நடையைக் கட்டாதீங்க. அதை மாட்ட உங்க வீட்டுல ஒரு சுவரும் கொடுங்க.