மருத மரத்துக் கோடி

மஞ்சணத்திப்பட்டிக் கண்மாய்க்கரை மருத மரத்தின் உச்சிக் கிளையில் கட்டியிருக்கும் வெள்ளைத் துணியைத் துண்டு என்று ஊர் உலகமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்தப் பிழையை இன்றாவது திருத்தியாக வேண்டும். துண்டு என்பது நாலு முழம். அது பதினாறு முழம். பதினாறு முழத்துக்குச் சேலை என்று பெயர். நம்பாதவர்கள் ஏறி அளந்து பார்க்கலாம். கட்டெறும்பு உண்டு.

அந்தக் காலத்திலே, மழை மாதம் தவறாமல் பெய்ததாகச் சொல்கிறார்களே அந்தக் காலத்திலே, அந்த ஊரில் சேவுகன் என்று ஓர் அம்பலக்காரர் இருந்தாராம். அவர்தான் ஊருக்குத் தலைவர். ஊரோ ஏழூர் நாட்டில் ஒன்று. ஏழூருக்கும் ஒரே சாமி, ஒரே பஞ்சாயத்து. கல்யாணமோ சாவோ, ஏழூருக்கும் ஒரே ஆள்தான் ஓடிப்போய்ச் சொல்வான்.

சித்திரையில் கண்மாய் இடுப்பளவுக்கு வற்றும்போது ஏழூர்ச் சனமும் மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக்கூடையோடு கரையில் வந்து நிற்கும். ஏழூருக்கும் தலைவரான பெரிய அம்பலம் துண்டை வீசுவார். வீசினால் இறங்கலாம். வீசும்வரை விரல் நனைக்கக் கூடாது. கட்டிக்கொடுத்த பெண்களும் அன்றைக்குப் பிறந்த ஊருக்கு வருவார்கள். சேவுகனுக்கு ஒரே தங்கை, ஆண்டிச்சி. ஏழூரில் ஒன்றான வேப்படிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டுச் சின்ன வயசிலேயே தாலியறுத்தவள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி பிச்சன் ஒரு பக்கம், நடுவில் அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவாளாம். முதல் விரால் அவள் கூடைக்கு.

சேவுகனுக்கு ஒரே ஒரு குறை. நாட்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்டேவிட்டாராம்.

"கண்மாய் எங்க கண்மாய். கரைக்கு மண்ணு போடுறது நாங்க. துண்டு மட்டும் ஏன் உங்க கையில?"

"துண்டு நாட்டோடது, சேவுகா. ஊரோடது இல்ல."

"அப்ப நாடு உங்களோட இருக்கட்டும். கண்மாய் எங்களோட வருது."

சொல்லிவிட்டு, தமக்கு வைத்த வெற்றிலையை எடுக்காமல் தள்ளிவைத்தாராம். பெரிய அம்பலம் அதைப் பார்த்தாராம்.

"போறவனைப் பிடிச்சுக் கட்டிவைக்கிற வழக்கம் நாட்டுக்கு இல்லப்பா. போனவனுக்கு நல்லது கெட்டது சொல்லிவிடுற வழக்கமும் இல்ல. யோசிச்சுக்க."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

யோசிக்கவில்லை.

அடுத்த சித்திரையில் சேவுகனே துண்டு வீசினார். ஊர் குலவை போட்டது. நாற்பது வீட்டுச் சனம் இறங்கியது. அப்புறம்தான் தெரிந்தது: கண்மாயில் மீன் பிடிப்பது கூடை இல்லை, கலக்கல். ஏழூர்க் கால்கள் மிதித்துச் சேறு மேலே வந்தால்தான் மீன் மூச்சுமுட்டி மேலே வரும். நாற்பது வீட்டுக் கால் கலக்கிய தண்ணீர் அரை நாழிகையில் தெளிந்துவிட்டதாம். விரால்கள் நடுப்பள்ளத்தில் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தனவாம். கண்மாய் அங்கேயேதான் இருந்தது. மீனும் அங்கேயேதான் இருந்தது.

ஆண்டிச்சி வந்திருந்தாள். இறங்கவில்லை.

"எங்க ஊர்ல இறங்கக் கூடாதுன்னுட்டாங்கண்ணே. இறங்கினா எனக்கும் தண்ணி தரமாட்டாங்களாம். பாத்துட்டுப் போறேன்."

"என் தங்கச்சிய எவன் தடுக்குறது?"

"நீங்கதான்" என்றாளாம். சிரித்துக்கொண்டே சொன்னாளாம்.

மறு வருஷம் அவள் வரவில்லை. அந்த வருஷம் வந்தது வேறு சங்கதி. வடக்குத் தெருவில் குடியிருந்த பிச்சன் பத்துப் பேரோடு வந்து நின்றான்.

"அண்ணே, வடக்கு மடை எங்க தெருவுக்குப் பாயுது. அந்தப் பாதிக் கண்மாய் எங்களுக்கு. துண்டும் நாங்களே வீசிக்கிறோம்."

"கூறு கெட்டவனே, ஒரு தெரு எப்படிடா நாடாகும்?"

"ஒரு ஊரு ஆச்சுல்ல?"

சேவுகன் பதில் தேடினார். கூட்டத்தில் தாம் சொன்ன வார்த்தைகள்தான் கிடைத்தன. அவற்றைப் பிச்சன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தான். கண்மாய்க்கு நடுவே முளைக்குச்சி நட்டார்கள். இரண்டு கரையில் இரண்டு துண்டு. இந்தப் பக்கம் கலக்கினால் மீன் அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கம் கலக்கினால் இந்தப் பக்கம் வரும். கண்மாய் அங்கேயேதான் இருந்தது. மீனும் அங்கேயேதான் இருந்தது.

மூன்றாம் வருஷம், சித்திரைக்கு முன்னாலேயே, சேவுகன் தூண்டில் போட்டு ஒரு விரால் பிடித்தாராம். இரண்டு கண்மாய் தாண்டி வேப்படிப்பட்டிக்கு நடந்தார். தங்கையைக் கையோடு கூட்டிவந்து தண்ணீரில் இறக்கிவிடுவது, நாடு என்ன செய்கிறது பார்ப்போம் என்று நினைப்பு. வாசலில் தங்கை பெற்ற மருமகன் நின்றான்.

"அம்மா எங்கப்பா?"

"அம்மா தையிலயே போயிருச்சு மாமா."

சேவுகன் விராலைக் கீழே வைத்தார்.

"எனக்குச் சொல்லிவிடலயே."

"வேற நாட்டுக்கு எப்படி மாமா சொல்லிவிடுறது? பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வரும்னு பொழுது சாயிறவரைக்கும் தூக்காம வச்சிருந்தோம். அப்புறம் பங்காளி வீட்டுச் சேலையைப் போத்தித் தூக்கிட்டோம்."

மூன்றாம் நாள் சேவுகன் பதினாறு முழத்தில் வெள்ளைக் கோடி எடுத்துக்கொண்டு மறுபடி போனார். மருமகன் கையை நீட்டவில்லை. "இனி யாருக்கு மாமா போத்துறது?" என்று மட்டும் கேட்டானாம்.

சாவுக்கு எடுத்த கோடியைத் திருப்பி வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வேறு எங்கே கொண்டுபோவது? கண்மாய்க்கரைக்கு வந்தார். அறுபது வயசு ஆள் மருத மரத்தில் ஏறி, எட்டின மட்டும் உயரத்தில் கட்டினார். கீழே பிச்சன் நின்றிருந்தான்.

"யாருக்குண்ணே இது?"

"ஆண்டிச்சிக்கு."

பிச்சன் தலைத்துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டானாம். அண்ணன் மேலிருந்தே சொன்னாராம்:

"ஆறு ஊருக்கும் ஆள்விடு. இனி யாரும் துண்டு வீச வேண்டாம். இந்தச் சேலை அசைஞ்சா எல்லாரும் இறங்கலாம்."

அந்தச் சித்திரையில் ஆறு ஊரும் வந்தது. வடக்குத் தெருவும் முளைக்குச்சியைப் பிடுங்காமலே குச்சியைத் தாண்டி வந்தது. நாடு மறுபடி சேர்ந்துவிட்டதாகச் சிலர் சொல்வார்கள். அதுவும் பிழை. நாடு, சேவுகன் பக்கத்துத் தெற்குத் தெரு, பிச்சனின் வடக்குத் தெரு, மூன்றும் இன்றுவரை தனித்தனிதான், அந்த ஒருநாள் நீங்கலாக. பிறந்த வீட்டுச் சீராக வருஷா வருஷம் புதுச் சேலை வாங்குவது தெற்குத் தெரு, ஏறிக் கட்டுவது வடக்குத் தெரு.

காற்று இல்லாத வருஷங்களில் ஏழூர்ச் சனமும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, மரத்தை அண்ணாந்து பார்த்தபடி கரையில் உட்கார்ந்திருக்கும். கொக்குகள் முதலில் இறங்கிவிடுகின்றன.