கை ஒன்பது, தோள் எவ்வளவு?

— நீ படிச்ச அளவுக்குத்தானே வெட்டினேன்!

— நான் எங்கங்க படிச்சேன்? மழை வருதுன்னு மாடியில காயப்போட்ட துணியை எடுக்கப் போனவ, இப்பத்தான் இறங்கி வர்றேன். அளவு நோட்டு மூடின மேனிக்கு இருக்கு, பாருங்க.

— அப்ப "கை ஒன்பது"ன்னு சொன்னது யாரு? சாப்பிட்ட மயக்கத்துல கண்ணு சொருகுச்சு, ஒத்துக்கறேன். காது தூங்கலை, மகராசி.

— ஆறடி வாத்தியாருக்குக் கை ஒன்பது அங்குலம்! முழங்கைகூட மூடாது.

— முப்பத்தஞ்சு வருஷமா கத்திரி பிடிச்ச கை. சொன்னதை வெட்டும், எதிர்க்கேள்வி கேக்காது.

— வாய் இருக்குல்ல? அது கேக்கக் கூடாதா? அஞ்சு மணிக்கு மனுஷன் போட்டுப் பாக்க வர்றார். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல அவருக்குப் பிரிவு உபசாரம். அவரே தேடிப்பிடிச்சு எடுத்த சாம்பல் துணி. அதுல பொம்மைக்குக் கோட்டு வெட்டி வெச்சிருக்கீங்க.

— ஓரத்துலதான் வெட்டியிருக்கேன். முதுகுல ஒரு ஒட்டுப் போட்டு, இப்ப இதுதான் புது மோஸ்தர்னு சொன்னா வாங்கிப்பார். மோஸ்தர்னு சொன்னா மனுஷன் சாக்குப்பையையும் மாட்டிக்குவான். அது என் பாடு. குரல் யாருதுன்னு சொல்லு.

— இந்தக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்தான், வேற யாரு? பூவேலை டிசைன் பாக்க வாங்கினோம், அது ஊர்க்கதை பேசுது. ரெண்டு நாளா கர்ருபுர்ருங்குது. காலையில யாரோ டாக்சிக்காரர், "ஸ்டேஷன் வாசல்ல நிக்கறேன், ஆளையே காணோம்"னு புலம்பினார். பாவமா இருந்துச்சு, "இருங்க, வந்துருவாங்க"ன்னு சொல்லிட்டேன்.

— நல்ல குடும்பம்! நீ பெட்டிக்கு ஆறுதல் சொல்ற, நான் பெட்டிக்குக் கோட்டு தைக்கறேன். ஒயரைப் பிடுங்கு.

— உஷ்! வருது பாருங்க.

— ...கை ஒன்பது... டேய், ஆடாதடா... உயரம் பதிமூணு... மார்பு இருபத்தொண்ணு, வயிறும் இருபத்தொண்ணு... கை ஒன்பது...

— ஏங்க...

— எவளோ தையல்காரி. மழைக்கு ரேடியோ அலை மாறி வருது. விடு.

— எந்தத் தையல்காரிங்க கையை முதல்ல சொல்வா? ஊர் உலகமே உயரத்துல ஆரம்பிக்கும். கையை முதல்ல அளக்கறது நம்ம கடையில மட்டும்தான். கையை நீட்டச் சொன்னா ஆளுக்குக் கூச்சம் போயிரும், அப்புறம் வயித்தை எக்க மாட்டான்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?

— யாருக்குச் சொல்லிக் கொடுத்தேன்?

— தெரியாத மாதிரி கேக்கறீங்க. உங்க வாலைப் பிடிச்சே திரிஞ்ச பொண்ணுக்குத்தான்.

— அந்தப் பேச்சு இந்தக் கடையில வேணாம்.

— அஞ்சு வருஷமா வேணாம்தான். எந்த ஊர்ல இருக்கான்னுகூடத் தெரியாது.

— தையல்காரன் பொண்ணு ரெடிமேட் கடைக்காரனைக் கட்டிக்கிட்டுப் போவாளா? ஒரே அளவுல ஊருக்கே சட்டை விக்கறவன்! அவகிட்ட இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு அன்னிக்கே கத்திரி மேல அடிச்சுச் சொன்னேன்.

— சொன்னீங்க. இப்ப அந்தக் கத்திரிதான் பேரனுக்குக் கோட்டு வெட்டியிருக்கு.

— பேரனா?

— வயிறும் மார்பும் ஒரே அளவுல, சின்னக் குழந்தையை விட்டா வேற யாருக்குங்க இருக்கும்? ஒண்ணரை வயசு இருக்கும். ரெடிமேட் கடைக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு எதுக்கு அளவெடுக்கறா, யோசிச்சீங்களா? கடைச் சட்டை போட மனசு வரலை அவளுக்கு. என்ன, அந்தத் துண்டுத் துணியை அப்படித் தடவறீங்க?

— நல்ல துணி. வீணாப் போகக் கூடாதேன்னு பாக்கறேன். தைக்கலாம்னா தோள் அளவு வரலை. அவ எப்பவும் அப்படித்தான், தோளை மறந்துருவா. நூறு தடவை திட்டியிருக்கேன்.

— கேளுங்க.

— யாரை?

— பெட்டியைத்தான்.

— பேசமாட்டேன்னு சொன்னவன் நான்.

— அளவு கேக்கறது எப்படிங்க பேச்சாகும்? அது தொழில். பத்து வருஷமா ஆகாத பக்கத்து வீட்டுக்காரர் கோட்டு தைக்க வந்தப்ப, "தோளை நிமித்துங்க"ன்னு சொல்லலையா நீங்க? அப்புறம் வாசல்ல பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கலையா?

— உன்னை மாதிரி ஒருத்தியை எதிர்ப்பக்கம் வெச்சு நான் ஒரு பேரமும் முடிச்சதில்லை.

— முடிச்சீங்களே, முப்பது வருஷத்துக்கு முன்னாடி, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப. கேளுங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

— இந்தா... பெட்டி! உன்னைத்தான். பேச்செல்லாம் இல்ல, தொழில். தோள் எவ்வளவு?

— இன்னும் கொஞ்சம் சத்தமாக் கேளுங்க.

— தோள் எவ்வளவும்மா?

— "அம்மா"வா! அதுவும் தொழிலா?

— வாய் தவறிருச்சு. பாத்தியா, மூச்சுப் பேச்சு இல்ல. ஸ்பீக்கர்ல சத்தம் வரும், நாம பேசறது போகுமா? பைத்தியக்காரத்தனம். வாத்தியார் வர்ற நேரமாச்சு, துணியை மடி...

— தோள் எட்டரைப்பா. ரெண்டு நாளா உங்க ரெண்டு பேர் குரலும் இங்க என் ஸ்பீக்கர்ல கேக்குது... நீங்க கேக்கணும்னுதான் தோளை விட்டுட்டு விட்டுட்டுப் படிச்சேன்.